பாகம் வைத்த வீடுகளின் மரம்

நாஞ்சில் நாட்டில் நெல் கொட்டி வைக்கும் மரப்பெட்டியான பத்தாயம் ஒன்று விலைக்கு வருகிறதென்றால், அதற்கு முன்பே மூன்று காரியங்கள் நடந்து முடிந்திருக்கும். வயலில் நெல் நின்றுபோயிருக்கும். தறவாடு என்ற கூட்டுக்குடும்ப வீட்டைப் பாகம் வைத்திருப்பார்கள். பங்கு கிடைத்தவர்களில் ஒருவர் அதே மனையில் கான்கிரீட் வீட்டுக்கு வானம் தோண்டத் தொடங்கியிருப்பார். நான்காவதாகத்தான் பழைய மரக்கடைக்காரர் வந்து சேர்கிறார். கதவு, நிலை, உத்தரம், தட்டுப்பலகை, கட்டில் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்து, மொத்தத்துக்கு ஒரு தொகை பேசி, ஓட்டை இறக்கிக் கூரையிலிருந்து பிரிக்க ஆரம்பிப்பார்.

பழஞ்சாமான் தேடிக் கடை கடையாக ஏறி இறங்குவது இன்று உலகமெங்கும் ஒரு பொழுதுபோக்கு. அதற்கென்றே பெயர்பெற்ற தெருக்களும் பேட்டைகளும் இருக்கின்றன. காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெரு, கொச்சி மட்டாஞ்சேரியில் யூதத் தெரு, சென்னையில் 1985இல் தீக்கிரையான மூர் மார்க்கெட், இன்றைக்கும் வெள்ளிதோறும் கூடும் பல்லாவரம் சந்தை. கன்னியாகுமரி மாவட்டத்தில் அப்படி ஒரே இடம் என்று எதையும் காட்ட முடியாது. வடசேரியிலும் கோட்டாற்றிலும் பாத்திரக்கடைகளின் பின்கட்டில் கொஞ்சம். தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே சாலையோர மரக்கிடங்குகளில் கொஞ்சம். இன்னும் விற்கப்படாமல் மச்சில் தூசி படிந்து கிடப்பது நிறைய. 2019இல் மாநகராட்சியான நாகர்கோவிலில் பழஞ்சாமான் வாங்கப் புறப்படுபவர் ஒரு தெருவைத் தேடினால் ஏமாந்துபோவார். அவர் தேட வேண்டியது பிரிபடும் வீட்டை.

ஒவ்வொரு பழம்பொருள் சந்தைக்கும் பின்னால் ஒரு குலைவு இருக்கிறது. காரைக்குடியின் குலைவு, அதன் செட்டியார் குடும்பங்கள் தொழில் செய்த பர்மாவில் நடந்தது. 1942இல் ஜப்பானியப் படை அங்கே நுழைந்ததும், பர்மியத் தேக்கில் இழைத்த மாளிகைகளுக்கு வாரிசுகள் மிஞ்சினார்களே தவிர வருமானம் மிஞ்சவில்லை. மட்டாஞ்சேரியில் 1948க்குப் பிறகு யூதக் குடும்பங்கள் இஸ்ரேலுக்குப் புறப்பட்டுப் போயின. நாஞ்சில் நாட்டில் போரும் இல்லை, குடிபெயர்வும் இல்லை. இங்கே வீட்டைக் குலைத்தது ஒரு சட்டம் என்பது என் வாதம். பழைய மரக்கடை என்பது அந்தச் சட்டத்தின் நூறாண்டு நீண்ட எதிரொலி.

அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இன்றைய தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களே பழைய நாஞ்சில் நாடு. கல்குளமும் விளவங்கோடும் அதற்கு மேற்கே. நான்கும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், பிறகு அது சேர்ந்த திரு-கொச்சியோடும் இருந்தவை. நாயர்களைப் போலவே நாஞ்சில் வேளாளரும் இங்கே மருமக்கள்வழியைக் கைக்கொண்டிருந்தார்கள். சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். குடும்பத்தை ஆள்பவர் காரணவர். பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்ற பெயரில் ஒரு சிறு பங்கு உண்டு. அதற்காக நடந்த வழக்குகளுக்குக் கணக்கில்லை. ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ எழுதிக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்த முறையைச் சிரிப்புக்கு இடமாக்கினார். நாயர் சட்டம் 1925இலும் நாஞ்சில் வேளாளர் சட்டம் 1926இலும் வந்தன. அதுவரை தனியொருவர் கேட்டுப் பெற முடியாத பாகத்தை இனி கேட்டு வாங்கலாம் என்றாயிற்று.

வயலைப் பாகம் வைப்பது எளிது, வரப்பு போட்டால் போதும். வீட்டை எப்படிப் பங்கு வைப்பது? இங்கேதான் இந்தப் பக்கத்துத் தச்சு வேலையின் தன்மை உள்ளே வருகிறது. கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் பழைய வீடுகள், தனித்தனி வளாகங்களில் நடுமுற்றத்தைச் சுற்றி எழும்பியவை, பெரும்பாலும் மரத்தாலானவை. அறை, மச்சு, தட்டு, சாளரம் எல்லாமே பொருத்தும் துளையுமாக ஒன்றுக்குள் ஒன்று சொருகி நிற்பவை. இரும்பாணிக்கு அங்கே வேலை குறைவு. சொருகினதைக் கழற்றலாம். வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் இன்னோர் ஊரில் திரும்பவும் மாட்டலாம். 1996இல் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் நிற்கும் கேரளத்து வீடுகள் அப்படிச் சொந்த ஊரில் பிரித்தெடுத்துக் கொண்டுவந்து பூட்டியவைதான். அசையாச் சொத்து என்று பத்திரம் சொன்ன வீடு உண்மையில் அசையும் சொத்தாக இருந்தது. அண்ணனுக்கு அறப்புரை, தம்பிக்குத் தட்டுப்பலகை, அக்காவுக்குப் பூமுகத்தின் தூண் என்று வீடே பிரிந்துபோக முடிந்தது. மண்சுவரும் செங்கல்லும் நிறைந்த வீடாக இருந்தால் பங்கு கிடைத்தவர் நடுவே ஒரு சுவரை எழுப்பிக்கொண்டு அங்கேயே இருந்திருப்பார். சந்தைக்கு எதுவும் வந்திருக்காது.

கிழக்கே கதை கொஞ்சம் வேறு. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளில் ஊர் என்பது தெரு. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். அங்கே பிரித்தெடுக்க அழகான மரம் குறைவு, ஆனால் நெல்லின் பெட்டகங்கள் அதிகம். பத்தாயம் அங்கேதான் ராஜா. கனத்த பலகைகளைக் காடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிப் பூட்டியது. மேலே கொட்டுவதற்கு மூடி, கீழே அள்ளுவதற்குச் சின்ன வாய். மூடிமேல் பாய் விரித்து ஒருவர் தூங்கலாம். 1906இல் பேச்சிப்பாறை அணை முடிந்து பாசனம் உறுதியானபோது பத்தாயத்தின் வாழ்வும் உறுதியானது போலத்தான் தோன்றியிருக்கும். பிறகு வயல்கள் வாழைக்கும் தென்னைக்கும் மாறின, அப்புறம் பிளாட்டுகளாக மாறின. மிஞ்சியிருக்கும் நெல்லும் களத்திலிருந்தே லாரி ஏறிப் போகிறது. வேலை இழந்த பத்தாயம் இப்போது ஓட்டல் வரவேற்பறையில் மேசையாகவும், பெங்களூரில் யாரோ வீட்டில் டி.வி. வைக்கும் தாங்கியாகவும் பிழைக்கிறது. அதை வாங்கியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வாங்காவிட்டால் அந்தப் பலகைகள் சூளைக்கு விறகாகப் போயிருக்கும்.

விலை எப்படி உருவாகிறது என்பதுதான் இந்த வியாபாரத்தில் மிகச் சுவையான பகுதி. ஒரே பொருள் கைமாறும்போதெல்லாம் அதை அளக்கும் அளவே மாறிவிடுகிறது. வீட்டுக்காரரிடம் அது ‘லாட்’: வீட்டைப் பிரித்துச் சுத்தம் செய்து தரும் கூலியும் கழிந்து மொத்தமாக ஒரு தொகை. கிடங்குக்கு வந்தால் கன அடி. சிற்பவேலை நிறைந்த நிலைக்கும் வெறும் உத்தரத்துக்கும் அங்கே அதிக வித்தியாசம் இல்லை. அறுத்தால் எத்தனை பலகை தேறும் என்பதே கேள்வி. செதுக்கல் இருந்தால் கழிவு அதிகம் என்று விலையைக் குறைத்துக் கேட்பவர்களும் உண்டு. மூன்றாவது கையில், கொச்சியிலோ சென்னையிலோ விளக்கொளியில் நிற்கும்போது, அது ‘பீஸ்’ ஆகிறது. எண்ணிக்கைக்கு ஒன்று, விலை சொன்னதுதான். வெண்கலத்துக்கும் இதே பயணம். கல்யாணச் சோறு பொங்கிய வார்ப்பும், பாயசம் கிண்டிய உருளியும், குட்டுவமும் பாத்திரக்கடையில் கிலோ கணக்கில் நிறுக்கப்படும்; எவர்சில்வர் பரவிய காலத்தில் பழசைப் போட்டுப் புதுசு வாங்கிப் போன குடும்பங்கள் எத்தனையோ. உருக்கு உலைக்குப் போகாமல் தப்பியது இன்று தோட்டத்தில் தாமரை மிதக்கவிடும் அலங்காரமாகிறது. நிறுவையிலிருந்து எண்ணிக்கைக்குத் தாண்டும் அந்த ஒரு படியில்தான் லாபம் அத்தனையும் இருக்கிறது. அந்தப் படியை ஏறுகிறவர் பெரும்பாலும் இந்த மாவட்டத்துக்காரர் அல்ல.

படியேறும்போது ஊர்ப்பெயரும் கழன்று விழுந்துவிடும். தக்கலைப் பக்கத்துக் கதவு வடக்கே போனால் ‘கேரளா பீஸ்’, கிழக்கே போனால் ‘செட்டிநாடு பீஸ்’. நாஞ்சில் நாட்டுக்கென்று ஒரு மரவேலைப் பெயர் சந்தையில் நிலைக்காமல் போனதற்கு இது முக்கியமான காரணம். கடையில் நின்று “எந்த வீட்டுச் சாமான் அண்ணாச்சி?” என்று கேட்டால், “ஒரு பழைய தறவாட்டுது” என்பதோடு பேச்சு நின்றுவிடும். விற்ற குடும்பம் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கும். அந்த மானத்தை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் ஊரின் பெயரையாவது கேட்டுக் குறித்துக்கொண்டால் பொருளின் மதிப்பு இரட்டிப்பாகும் என்பது வாங்குகிறவர்களுக்கும் தெரிவதில்லை.

வாங்கப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி எப்போதும் “தேக்கா?” என்பதுதான். இந்த ஊரின் வரலாறு தெரிந்தவர் அதை முதல் கேள்வியாகக் கேட்கமாட்டார். திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை அரச மரங்கள். உன் தோட்டத்தில் நின்றாலும் அது அரசனுடையது. அனுமதியின்றி வெட்ட முடியாது. ஆகவே வசதியான வீடுகள்கூட அயனியிலும் பலாவிலும் வேங்கையிலும் எழும்பின. கைமரங்களுக்கு முற்றிய பனையின் வைரம். நன்கு விளைந்த அயனி தண்ணீரையும் கறையானையும் தாங்கும், வள்ளம் கட்டவும் அதுதான். புதிதில் பொன்மஞ்சளாக இருந்து, நூறாண்டில் இருண்டு தேன்பழுப்பாகும். அயனிக் கதவைத் தேக்கு என்று சொல்லி விற்பதும், தேக்கு அல்ல என்று தெரிந்ததும் வாங்க வந்தவர் முகம் சுளிப்பதும் இரண்டுமே அறியாமைதான். ஒரு வீட்டில் உண்மையாகவே பழைய தேக்கோ ஈட்டியோ இருக்கிறதென்றால், அந்தக் குடும்பத்துக்கு அரண்மனையோடோ கச்சேரியோடோ என்ன தொடர்பு இருந்தது என்று விசாரிக்க வேண்டும். மரம் ஒரு சான்றிதழ் மாதிரி.

ஈட்டிக்குப் பின்னாளில் புதிய காவல்களும் வந்தன. தமிழ்நாடு 1994இல் ஈட்டிமரப் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. 2017 தொடக்கத்தில் ஈட்டியின் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. புது ஈட்டி அரிதாக ஆக, பழைய ஈட்டிக்கட்டிலின் விலை ஏறுகிறது. கூடவே ஓர் ஆபத்தும் ஏறுகிறது: புதிதாக வெட்டிய மரத்துக்குப் பழைய வேடம் போடத் தூண்டுதல். ஆகவே பழமையைச் சோதிக்கத் தெரிந்திருப்பது ரசனைக்கு மட்டுமான விஷயமாக இல்லை.

சோதனை ஒன்றும் மாயம் அல்ல. முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு பேர் மேலும் கீழுமாக நின்று இழுத்த ஈர்வாள் விட்ட தடம் நேராக, ஆனால் ஒன்றுக்கொன்று சற்று ஒழுங்கின்றி இருக்கும். வட்டவாள் விட்ட தடம் வில்லாக வளையும். வளைந்திருந்தால் அது மில்லில் அறுத்தது. மரம் காலப்போக்கில் நாரின் குறுக்கே சுருங்கும், நெடுக்கே அவ்வளவாகச் சுருங்காது. எனவே உண்மையான பழைய வட்டமேசை அளந்து பார்த்தால் துல்லியமான வட்டமாக இராது. துருவேறிய ஆணி சதுரமாகக் கொல்லன் அடித்ததா, கம்பியிலிருந்து வெட்டியதா என்று பாருங்கள். இன்னொரு சோதனை இந்தப் பக்கத்துக்கே உரியது. பழைய தச்சர்கள் அடிக்கணக்கில் வேலை செய்யவில்லை, கோல்கணக்கில் செய்தார்கள். 24 விரல் ஒரு கோல். இன்றைய அளவில் ஏறத்தாழ 72 சென்டிமீட்டர். கட்டிலின் அகலமும் கதவின் உயரமும் மூன்று சென்டிமீட்டர் விரல்களில் ஒத்துவந்தால் நம்பிக்கை கூடும். சரியாக மூன்றடி, ஆறடி என்று வந்து நின்றால் கொஞ்சம் யோசிக்கலாம். இத்தனைக்குப் பிறகும் கடையில் இருப்பதில் பெரும்பகுதி பழைய மரத்தில் செய்த புதுச் சாமானாகத்தான் இருக்கும். உத்தரம் ஊஞ்சலாகியிருக்கும், தட்டுப்பலகை சாப்பாட்டு மேசையாகியிருக்கும். பொருத்துவாய் இருந்த இடத்தில் அடைத்த துண்டு தெரியும். அப்படிச் சொல்லி விற்றால் அதில் தவறேதும் இல்லை. ரப்பர் மரத்துக்கு மருந்தேற்றி வார்னிஷ் அடித்த சோபாவைவிட அது நூறு மடங்கு நல்ல பொருள்.

எது அசல் என்று கண்ணுக்குப் பழக்கம் வர வேண்டுமானால் கடைகளுக்குப் போகும் முன் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போவது உத்தமம். தக்கலைக்கு அருகே, தமிழ்நாட்டு மண்ணில், கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் நிற்கும் விசித்திரமான இடம். 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது. டச்சுக்காரர் கொடுத்ததாகச் சொல்லப்படும் மூலிகை மரக்கட்டிலையும் சீன நாற்காலியையும் பார்க்கத்தான் கூட்டம் நெரிகிறது. வாங்க வருகிறவர் அவற்றைவிட, பூமுகத்தின் மரக்கூரையையும், தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூணையும், வீட்டுப் புழக்கப் பொருட்கள் வைத்திருக்கும் தெற்குக் கொட்டாரத்தையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். கையடியில் தேய்ந்த மரம் எப்படி மின்னும், பாலீஷில் மின்னும் மரம் எப்படி இருக்கும் என்ற வித்தியாசம் அங்கே கண்ணில் பதியும். சில மைல் தொலைவில் இரணியல் அரண்மனை நெடுங்காலம் கூரை சரிந்து பாழாகக் கிடந்தது. ஒரே அரச மரபின் இரண்டு வீடுகள். ஒன்றில் காவலாளி இருந்தார்.

சட்டத்தைப் பற்றி வியாபாரிகளும் வாங்குகிறவர்களும் ஒருசேர மௌனம் சாதிப்பார்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் 1976இல் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டு கடந்த கைவினைப் பொருள் அதன்படி தொல்பொருள். கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளும் அதில் அடங்கும் என்று சட்டமே தனித்துச் சொல்கிறது. தொல்பொருளை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். தனியார் யாரும் அதை நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. அந்தக் கணக்கில் 1920களுக்கு முந்தைய செதுக்குக் கதவு ஒவ்வொன்றும் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. பழமையை மிகைப்படுத்தி விலை சொல்லும் அதே வாய், அதிகாரி கேட்டால் வயதைக் குறைத்துச் சொல்ல வேண்டிய நிலை. தந்தம் பதித்த பெட்டிகளைத் தொடவே வேண்டாம். 1851 லண்டன் கண்காட்சிக்குத் தந்தச் சிம்மாசனம் அனுப்பிய நாடு திருவிதாங்கூர். ஆனால் இன்று தந்த வியாபாரம் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கோயில் விளக்கு, வாகனம், பலகைச் சிற்பம் எதுவானாலும் எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் இல்லையென்றால் விலகிவிடுவதே நல்லது.

வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாக வெளியேறுவது எப்படிப்பட்ட அனுபவம் என்பதற்கு இந்த மாவட்டத்தின் இலக்கியத்திலேயே சாட்சி உண்டு. தேங்காய்ப்பட்டணத்துக்காரரான தோப்பில் முகமது மீரான் 1997இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவலுக்குப் பெயரே ‘சாய்வு நாற்காலி’. ஒரு பெருங்குடும்பத்தின் வீழ்ச்சியும், பரம்பரைச் சாமான்கள் வீட்டைவிட்டு விலையாகிப் போவதும் அதில் வருகின்றன. அது மருமக்கள்வழி வேளாளர் வீடு அல்ல, கடற்கரை முஸ்லிம் வீடு. சட்டம் ஒன்றே எல்லாவற்றையும் குலைத்தது என்ற என் வாதத்துக்கு இது நியாயமான மறுப்பு. உட்கார்ந்து தின்றாலும் வீடு கரையும். அசம்பு மலைத் தோட்டத்துரைகள் வழியாகவும் மிஷன் பங்களாக்கள் வழியாகவும் வந்த நாற்காலிகள், கைநீண்ட சாய்வு நாற்காலிகள் முதலியவை பாகச் சட்டத்தோடு ஒரு தொடர்பும் இல்லாமலே சந்தைக்கு வந்தன. ஆனாலும் எண்ணிக்கையில் பார்த்தால் கிடங்குகளை நிரப்புவது நாற்காலிகள் அல்ல. வீட்டின் உறுப்புகள்தான்.

இனி துணி. மேலைநாட்டில் பழம்பொருள் கடை என்றால் பாதி இடம் பழைய உடைகளுக்கு. பாட்டி காலத்துக் கவுனைப் பேத்தி வயதுப் பெண் பெருமையாக வாங்கி உடுத்துகிறாள். நாகர்கோவில் முழுவதும் அலைந்தாலும் அப்படி ஒரு கடை அகப்படாது. இத்தனைக்கும் துணியின் பொருட்டு இந்த மாவட்டத்தில் நடந்ததுபோல ஒரு போராட்டம் வேறெங்கும் நடந்தது அரிது. அன்று சாணார் எனப்பட்ட நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு நீடித்தது. கிறித்தவப் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று 1813இல் கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது ஆணை. 1829 பிரகடனத்தில் மேலாடைக்கு மறுப்பு. 1858இல் மூண்ட கலவரங்களுக்குப் பின் 1859 ஜூலை 26 பிரகடனத்தில், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத்துணி போர்த்திக்கொள்ளலாம், உயர்சாதிப் பெண்கள் போர்த்தும் விதத்தில் கூடாது என்ற அரைகுறை அனுமதி. நூலின் பருமனும் முடிச்சின் விதமும் அரசாணைக்கு உட்பட்டிருந்த நாடு இது. அந்தக் குப்பாயங்களில் ஒன்றை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை.

காரணம் எளியது. ஏழை வீட்டுத் துணி கந்தலாகும்வரை உடலில் இருக்கும். கந்தலானால் கரித்துணி, அதற்கப்புறம் விளக்குத்திரி. வசதியான வீட்டுத் துணியும் பிழைக்கவில்லை, வேறு காரணத்தால். “பழைய பட்டுச்சேலை, சரிகை வாங்குறது” என்று தெருவில் கூவிக்கொண்டு போகிறவர் சேலையை எடுப்பது உடுத்துவதற்கு அல்ல. காஞ்சிபுரத்து அசல் சரிகையில் எடைக்குப் பாதிக்கும் மேல் வெள்ளி. பொன் ஒரு விழுக்காடுகூட வராது. எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். மரம் முழுசாக இருந்தால் விலை அதிகம் என்பதால் கதவு பிழைத்தது. பட்டு எரிந்தால் விலை அதிகம் என்பதால் சேலை பிழைக்கவில்லை. மற்ற பழந்துணி பிளாஸ்டிக் குடத்துக்கும் எவர்சில்வர் கிண்ணத்துக்கும் மாற்றாகப் போனது. அதெல்லாம் எங்கோ வடக்கே போய், பானிப்பட் போன்ற ஊர்களில் நூலாகப் பிரிந்துவிடும்.

அதற்கும் மேலே மனத்தடை ஒன்று உண்டு. பிறந்த குழந்தையை முதலில் சுற்றுவது துவைத்துத் துவைத்து மெதுவான பழைய வேட்டியில். அதே துணி அடுத்த வீட்டுடையதாக இருந்தால் தொடமாட்டோம். இறந்தவர் உடுத்தியது சடங்கு செய்பவர்களுக்குப் போகும். யார் உடம்பில் கிடந்ததோ, எந்த வீட்டில் என்ன நடந்ததோ என்ற அச்சம். கட்டிலுக்கு மட்டும் ஏன் அந்த அச்சம் இல்லை என்று நான் யோசித்ததுண்டு. கட்டிலிலும்தானே மனிதர் பிறந்து இறக்கிறார்கள். மரத்தை இழைத்துவிடலாம் என்பதுதான் பதில் போலிருக்கிறது. இப்போது கல்லூரிப் பிள்ளைகள் போனில் பார்த்து அந்நியர் உடுத்திய துணியை விலைக்கு வாங்குகிறார்கள் என்று கேள்விப்படும் பெரியவர்கள் தலையில் கைவைத்துக்கொள்கிறார்கள். அம்மாவின் நேரியதையும் முண்டையும் பெட்டியிலிருந்து எடுத்து ஓணத்துக்கும் திருவாதிரைக்கும் உடுத்துவது மட்டும் இங்கே என்றைக்கும் இருந்து வருகிறது. பாலராமபுரத்துத் தறிகளை முதலில் நிறுவிய சாலியர்களே நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டவர்கள் என்பதால், அந்த வெள்ளைத்துணியில் இந்த ஊருக்கும் பங்குண்டு.

நாகர்கோவிலின் உண்மையான பழந்துணி ஒன்று இருக்கிறது. ஆனால் நாகர்கோவிலில் இல்லை. 1819இல் இங்கு வந்த லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, பள்ளிச் சிறுமிகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அதில் கிடைத்த பணத்தால் சிலர் அடிமைத்தளையிலிருந்து மீண்டதாக மிஷன் குறிப்புகள் சொல்லும். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல்தான். 1897இல் முளகுமூட்டில் கால்வைத்த கத்தோலிக்கக் கன்னியர் மடத்திலும் இத்தகைய ஊசிவேலை வளர்ந்தது. பின்னியவர்கள் மேலாடைக்காகப் போராடிய குடும்பங்களின் பெண்கள். வாங்கியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர். எனவே அந்த லேஸ் மிஞ்சியிருந்தால் இங்கிலாந்தில் எங்கோ ஒரு ஞானஸ்நான உடையின் விளிம்பில் மிஞ்சியிருக்கும். அங்கே யாராவது வாரச்சந்தையில் அதை வாங்கும்போது நாகர்கோவில் என்ற பெயர் அதில் ஒட்டியிருக்கப்போவதில்லை.

ஆக, நம் கிடங்குகளில் குவிந்திருப்பதை இந்த மாவட்டத்தின் கடந்தகாலம் என்று எடுத்துக்கொண்டால் மோசம் போவோம். நாடார்களைப் பற்றி 1969இல் நூலெழுதிய ராபர்ட் ஹார்ட்கிரேவ் பட்டியலிடும் தடைகளில் குடை, செருப்பு, பொன்நகை ஆகியவற்றோடு ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டக்கூடாது என்பதும் உண்டு. மாடி இல்லாத வீட்டில் மச்சுப்படி இல்லை. நெல்லுக்கு உடைமை இல்லாத வீட்டில் பத்தாயம் இல்லை. அங்கே இருந்தவை பனையோலைப் பெட்டி, கடவம், சுளகு, மண்பானை. எதுவும் நூறாண்டு நிற்காது. பழைய மரக்கடை சில சாதிகளின் சில குடும்பங்களை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது. எல்லா வீட்டுக்கும் பொதுவாக நின்றது கல் ஒன்றுதான்: அம்மி, ஆட்டுரல், திரிகை. மிக்சியும் கிரைண்டரும் வந்த பிறகு அவற்றைக் கொல்லையில் உருட்டிவிட்டார்கள். இன்றைக்கும் கேட்டால் தூக்கிக்கொண்டு போ என்பார்கள். கனம் காரணமாக வியாபாரியும் ஆர்வம் காட்டுவதில்லை.

கடைகளைவிட நல்ல சரக்கு வேறோர் இடத்தில் இருக்கிறது, அது விற்பனைக்கு இல்லை. பாகப்பத்திரங்களில் நிலத்துக்கும் வீட்டுக்கும் பிறகு அசையும் பொருட்களின் பட்டியல் எழுதும் வழக்கம் உண்டு. உருளி எத்தனை, வார்ப்பு எத்தனை, கட்டில் என்ன மரம், யாருக்குப் போனது என்று வரிசையாக இருக்கும். பல குடும்பங்களில் மூலப்பத்திரம் இன்னும் இரும்புப் பீரோவில் கிடக்கிறது. பதிவானவற்றின் நகல் சார்பதிவாளர் அலுவலகங்களில் இருக்க வேண்டும். கொல்லம் ஆண்டு 1101இல், அதாவது 1926இல், வந்த வேளாளர் சட்டத்துக்குப் பிந்தைய முப்பதாண்டுப் பத்திரங்களை மட்டும் ஊர்வாரியாகப் படித்தால், எந்த வீட்டில் எது இருந்தது என்ற கணக்கு நாற்காலி நாற்காலியாகக் கிடைக்கும். மாவட்டம் தமிழ்நாட்டோடு சேருவதற்கு முந்தைய ஆட்சிமொழி மலையாளம் என்பதால் படிக்கிறவருக்கு அந்தக் கையெழுத்தும் கொல்லம் ஆண்டுக் கணக்கும் பிடிபட வேண்டும். பழைய மலையாளக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் குழித்துறையிலும் தக்கலையிலும் இருக்கிறார்கள். வேலையைத் தொடங்குகிறவர் முதலில் அவர்களிடம் போய் உட்கார வேண்டியிருக்கும்.